விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும்: எங்கே வைப்பது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று ஒரு வாய்தா கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப் உள்ள கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஆனால் அந்தக் கணினிகள் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். அதனால்தான் "இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாமா?" என்ற கேள்வி இப்போது கணினிப் பித்துப் பிடித்தவர்களைத் தாண்டி, கடைக்காரர், ஆசிரியர், கணக்கு எழுதுபவர் வரை வந்திருக்கிறது.

அடுத்த கேள்வியாக எல்லோரும் கேட்பது "எந்த லினக்ஸ்?" என்பதுதான். லினக்ஸில் பல ரகம் உண்டு, உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா, ஃபெடோராவா என்று விடிய விடியப் பேசலாம். என்னைக் கேட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வருபவருக்கு மின்ட் போதும். பிடிக்காவிட்டால் வேறொன்றைப் போட்டுக்கொள்வது ஒரு மணி நேர வேலை. முதலில் முடிவு செய்ய வேண்டியது லினக்ஸை எங்கே வைப்பது என்பதை. விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்கிலா, தனி டிஸ்கிலா, வெளியே செருகும் எஸ்எஸ்டியிலா, விண்டோஸுக்கு உள்ளேயே, மென்பொருளால் உருவாக்கிய ஒரு மெய்நிகர் கணினியிலா? பின்னால் வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இந்த முடிவைப் பொறுத்ததுதான்.

விண்டோஸ் உங்களுக்கு எதற்கு?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வழி வந்துவிடும். "எதற்கும் இருக்கட்டும்" என்பது பதில் இல்லை. எந்த மென்பொருள், வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம்?

உதாரணத்துக்கு டேலி. அது விண்டோஸில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. தினமும் காலையில் முதல் வேலையாக டேலியைத் திறப்பவருக்கு விண்டோஸ்தான் வீடு, லினக்ஸ் விருந்தாளி. அச்சகத்திலோ டிடிபி கடையிலோ இருப்பவர் பேஜ்மேக்கரிலும் பழைய தமிழ் எழுத்துருக்களிலும் வருடக்கணக்கில் சேர்த்துவைத்த கோப்புகளோடு வாழ்கிறார். அவற்றை லினக்ஸில் திறந்து, வரி பிசகாமல் அதே பக்க அமைப்பில் வேலை பார்ப்பது நடக்காத காரியம். ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர் கதையும் ஏறத்தாழ அதுவே. வீட்டில் வாலரன்ட் விளையாடும் பிள்ளை இருந்தால், அந்த விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்கும் காவல் நிரல் லினக்ஸிலும் ஓடாது, மெய்நிகர் கணினியிலும் ஓட விடாது. அதற்கு அசல் விண்டோஸ்தான் வேண்டும்.

பிரின்டரை யாரும் நினைப்பதில்லை, கடைசியில் அதுதான் காலை வாரும். நம்மூர் அலுவலகங்களில் அடிக்கடி கண்ணில் படும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி மொழியில் பேசுகிறது. லினக்ஸில் அதற்கு ஓட்டுநிரல் உண்டு, ஆனால் செருகினால் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தன் உள்நிரலைக் கணினியிடமிருந்து கேட்டு வாங்கும் ரகம். எச்பியின் கூடுதல் செருகுநிரலைப் போட்டுவிட்டால் சமர்த்தாக நடந்துகொள்ளும். மற்ற எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை.

தமிழ்த் தட்டச்சு பற்றிய பயம் மட்டும் தேவையில்லை. இ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் விண்டோஸுக்கானவை என்பது உண்மைதான். ஆனால் தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளீட்டு முறைகளில் போய்ச் சேர்த்துக்கொண்டால் சரி. யூனிகோடில் தட்டச்சு செய்பவருக்கு ஒரு நாள் தடுமாற்றம், அதோடு முடிந்தது.

இந்தப் பட்டியலில் எதுவுமே உங்களுக்கு இல்லை, உலாவியும் மின்னஞ்சலும் வீடியோவும்தான் என்றால், இரண்டு இயங்குதளம் எதற்கு? கோப்புகளை எல்லாம் வெளியே ஒரு நகல் எடுத்துவிட்டு, மொத்த டிஸ்கையும் லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு வீட்டு வாடகை கட்டிக்கொண்டு ஒன்றில் மட்டும் குடியிருப்பானேன்?

போடுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம்

எந்த வழியில் போனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் கொண்டு அதில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே கணினியை எழுப்பினால், டிஸ்கில் எதையும் தொடாமல் லினக்ஸின் முழு மேசையும் (டெஸ்க்டாப்) திரையில் வந்துவிடும். நாலைந்து லினக்ஸைச் சோதிக்க நினைத்தால் வென்டாய் வசதியானது. ஒருமுறை அதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகலெடுத்துப் போட்டால் போதும்.

வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மடிக்கணினி என்றால் மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறதா, பிரின்டர் என்ன சொல்கிறது, இவற்றைப் பாருங்கள். வேகத்தை மட்டும் எடைபோடாதீர்கள். பென்டிரைவில் ஓடுவது எப்போதும் மந்தமாகத்தான் இருக்கும்.

ஒரே டிஸ்கில் இரண்டும்

டூயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்றால் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் நிறைய பேர் இதை முதன்முதலில் பார்த்தது அரசு கொடுத்த மடிக்கணினியில். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடியாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைப் போட்டதும் இரண்டு வரி மெனு, கீழ் அம்பை அழுத்தினால் மற்றது. பார்க்க அவ்வளவு எளிமையாக இருந்ததற்குக் காரணம், பிரித்து வைக்கும் வேலையை வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள் என்பது.

நாமே செய்யும்போது முதல் முட்டுக்கட்டை இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, சுருக்கு என்றால், 150 ஜிபி காலியாக இருக்கும் டிரைவில் 20 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். இடம் இல்லாமல் இல்லை. டிரைவின் கடைப்பகுதியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள் ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பி, மறுபடி சுருக்கினால் பெரும்பாலும் வழிக்கு வரும். அப்புறம் அவற்றைத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி, நிம்மதியாக இருக்க 100 ஜிபி என்பது அவர்களே சொல்லும் கணக்கு. 50, 60 இருந்தால் நான் தடுக்க மாட்டேன். அதற்குக் கீழே போனால் ஆறு மாதத்தில் இடம் போதவில்லை என்று புலம்ப வேண்டியிருக்கும்.

அடுத்து பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், டிஸ்க் மறையாக்கம் கேட்காமலே ஆன் ஆகிவிடுகிறது. பலருக்குத் தங்கள் கணினி பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பான பயாஸில், அறியாத நிரல்களை எழ விடாத செக்யூர் பூட்டைத் தொட்டாலோ, எழுப்பும் வரிசையை மாற்றினாலோ, நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. ஆகவே எதையும் தொடுமுன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இன்னொரு பூடகமான ஆசாமி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட் டவுன் என்று அழுத்தினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உட்கருவைத் தூங்கவைத்து டிஸ்கில் எழுதிவிட்டுப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் வந்து சி டிரைவைத் திறக்க முயன்றால், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைப்பதுதான் நல்லது.

சில புது மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவி டிஸ்கே இல்லை என்று சாதிக்கும். இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி அமைப்பு டிஸ்கை மறைத்து வைத்திருக்கும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் விண்டோஸ் எழாமல் போகலாம். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் நுழைந்து வெளியே வந்தால் அது புது ஏற்பாட்டுக்குப் பழகிவிடும்.

பழைய கணினி என்றால் வேறு சங்கடம். விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் போடப்பட்டு, டிஸ்க் எம்பிஆர் வகையாக இருந்தால், நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு (டிஸ்கின் பகுதி) மேல் இடமில்லை. தயாரிப்பாளர் விற்ற கணினிகளில் அந்த நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருப்பது சகஜம். பென்டிரைவை யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழுப்பி அதன் பக்கத்தில் லினக்ஸை நிறுவினால், இரண்டும் ஒரே மெனுவில் சேராது. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் பென்டிரைவையும் எழுப்ப வேண்டும்.

இத்தனையும் தாண்டி நிறுவியின் திரைக்கு வந்தால், மின்ட்டில் "விண்டோஸ் பூட் மேனேஜரோடு சேர்த்து நிறுவு" என்பது ஒரு வரி, "டிஸ்கை அழித்து நிறுவு" என்பது அதற்கு அடுத்த வரி. ஒரு சொடுக்கு கீழே நழுவினால் குடும்பப் புகைப்படங்கள் அம்போ. இதனால்தான் நகல் எடுக்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று எல்லோரும் கத்துகிறார்கள்.

போட்ட பிறகும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்கிறது, விண்டோஸோ உள்ளூர் நேரம் என்று எண்ணிப் படிக்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். காலை 10 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் 4:30 என்று காட்டும். உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பெரிய தொல்லை, விண்டோஸ் அப்டேட். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய பூட் நிரல்களைத் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்கள்) தடுக்கும் பட்டியல் ஒன்றைக் கணினிகளில் எழுதியது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பலருடைய லினக்ஸ் மறுநாள் எழவில்லை. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துபோனது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸில் நுழைந்து அந்தப் பட்டியலை நீக்கி, மறுபடி ஆன் செய்யும் வைத்தியத்தை ஆளாளுக்குச் செய்துகொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் முறையான தீர்வு கொடுத்தது 2025 மே மாதம்.

ஒரே டிஸ்க் முறையை நான் கெட்டது என்று சொல்லவில்லை. செலவே இல்லாமல், கணினியின் முழு வேகத்தையும் இரண்டுக்கும் தரும் வழி இதுதான். ஒரே ஒரு டிஸ்க் மட்டும் வைக்க இடமுள்ள மடிக்கணினிக்கு வேறு நல்ல வழி குறைவு. ஆனால் மேசைக்கணினிக்கு இது அநாவசியமான சாகசம்.

தனி டிஸ்க்

என் ஓட்டு இதற்குத்தான். உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய பழைய மேசைக்கணினி எதையாவது பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். எச்81, எச்110 போன்ற மலிவு மதர்போர்டுகளில்கூடப் பொதுவாக டிஸ்குகளைச் செருகும் சாட்டா போர்ட் நான்கு இருக்கும். அதில் ஒன்று ஹார்ட் டிஸ்க்குக்கு, ஒன்று யாரும் தொடாத டிவிடி டிரைவுக்கு. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு சாட்டா மின் இணைப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் டிவிடி டிரைவுடையதை உருவிக்கொள்ளலாம். இரண்டரை அங்குல எஸ்எஸ்டி ஒன்று, ஒரு டேட்டா கேபிள். அவ்வளவுதான் வாங்க வேண்டியது. 240 அல்லது 256 ஜிபி லினக்ஸுக்கு ஏக தாராளம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்தால் தனி டிஸ்க் வாங்கியதன் பலன் பாதி போய்விடும். மின்ட் 22 வரிசையில் இருக்கும் நிறுவி, லினக்ஸை இரண்டாவது டிஸ்கில் போடு என்று சொன்னாலும், பூட் நிரலை மட்டும் முதல் டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் இஎஃப்ஐ என்ற பூட் பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக ஓடும். என்றைக்காவது அந்த முதல் டிஸ்கைக் கழற்றினாலோ ஃபார்மட் செய்தாலோதான் தெரியும், லினக்ஸும் சேர்ந்து படுத்துவிடும். தப்பிக்கும் வழி எளிது. நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்கின் கேபிளை உருவிவிடுங்கள். இருப்பது ஒரே டிஸ்க் என்றால் நிறுவி வேறெங்கே போய் எழுதும்? போர்டில் திருகி வைத்த என்விஎம்இ டிஸ்க் என்றால், பயாஸில் அதைத் தற்காலிகமாக முடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேபிளை உருவிய நிலையில் "டிஸ்கை அழித்து நிறுவு" என்ற அந்தப் பயங்கரமான வரியையே நிம்மதியாக அழுத்தலாம். பார்ட்டிஷன் கணக்கு போட வேண்டாம், விண்டோஸைச் சுருக்க வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. மொத்த லினக்ஸையும் மறையாக்கம் செய்யும் வசதி அந்த நிறுவியில் ஒரு டிக் அடிக்கும் வேலைதான், ஆனால் டிஸ்க் முழுவதையும் கொடுத்தால்தான் அந்த டிக்கை அடிக்க விடும். ஒரே டிஸ்க் டூயல் பூட்டில் அதைக் கையால் கட்ட வேண்டும்.

முடிந்ததும் விண்டோஸ் டிஸ்கை மறுபடி செருகி, பயாஸில் எது முதலில் எழ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மற்றது வேண்டும்போது கணினியைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டலாம். டெல், லெனோவா, ஏசர், ஜிகாபைட் போர்டு ஆகியவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ போர்டில் எஃப்11, ஏசுஸ் மேசை போர்டில் எஃப்8. லினக்ஸின் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போவதைவிட இப்படி நேராகப் போவது ஒரு விதத்தில் மேல். மறையாக்கம் செய்த விண்டோஸ், நடுவில் இன்னொரு நிரல் புகுந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கும் வாய்ப்பு குறைவு.

தனி டிஸ்க் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2024 ஆகஸ்ட் சம்பவத்தில் அந்தத் தடைப் பட்டியல் டிஸ்கில் எழுதப்படவில்லை, போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டது. ஆகவே லினக்ஸை வேறு டிஸ்கில் வைத்திருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. கடிகாரத் தகராறும் அப்படியே இருக்கும். ஆனால் ஒருவர் பார்ட்டிஷனை இன்னொருவர் மிதிக்கும் ஆபத்து அறவே போய்விடுகிறது. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற இயங்குதளம் பிழைக்கும்.

மடிக்கணினிக்காரர்களும் கீழ் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருக்கலாம். டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடல் என்றால் அதைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (caddy) என்ற தாங்கியை வைத்து எஸ்எஸ்டி போடலாம். கேடியில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள்.

வெளியே செருகும் எஸ்எஸ்டி

கணினியைத் திறக்க முடியாது, அல்லது அது அலுவலகத்துடையது, திறக்க உரிமையில்லை. அப்போது யூஎஸ்பி எஸ்எஸ்டியில் லினக்ஸை முழுதாக நிறுவிக்கொள்ளலாம். யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் அன்றாட வேலைக்குக் குறை தெரியாது. பென்டிரைவில் இதைச் செய்ய வேண்டாம். சின்னச் சின்னக் கோப்புகளை இடைவிடாமல் எழுதும் வேலைக்கு அது ஆகாது. மெதுவாக இருக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

பூட் நிரல் தவறான டிஸ்குக்குப் போகும் அதே சிக்கல் இங்கேயும் உண்டு, இங்கே இன்னும் மோசம். ஏனென்றால் எஸ்எஸ்டியைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகு, வீட்டுக் கணினி அது இல்லாமல் கறுப்புத் திரையில் விழிக்கும். வாய்ப்பிருந்தால் உள் டிஸ்கை முடக்கிவிட்டோ, வேறொரு கணினியில் வைத்தோ நிறுவுங்கள். இன்னொன்று, இந்த எஸ்எஸ்டியை விண்டோஸ் ஓடும்போது செருகினால், லினக்ஸின் கோப்பு முறைமை அதற்குப் புரியாமல், சில கணினிகளில் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். வீட்டில் வேறு யாராவது நல்ல எண்ணத்தோடு சரி என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. எஸ்எஸ்டி மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவைப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல.

விண்டோஸுக்கு உள்ளே லினக்ஸ்

மெய்நிகர் கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 மே மாதம் தனிநபர்களுக்கு இலவசமானது, அதே வருடம் நவம்பரிலிருந்து எல்லோருக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜன்னலுக்குள் லினக்ஸ் ஓடும். பார்ட்டிஷன், பயாஸ், பிட்லாக்கர் என்று எதையும் தொட வேண்டாம். பிடிக்கவில்லையா, ஒரு கோப்புறையை அழித்தால் முடிந்தது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு, இஷ்டத்துக்கு உடைத்துப் பார்த்து, ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை ரேம். மொத்தம் 4 ஜிபி உள்ள கணினியில் இந்த நினைப்பே வேண்டாம். 8 ஜிபியில் ஒப்பேற்றலாம், 16 இருந்தால் சுகம். வீடியோவும் முப்பரிமாண வேலைகளும் சோர்ந்துதான் ஓடும். வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிற ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் அமைப்பான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, அதன் தயவில்தான் வர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிறது, வேகம் குறையும் என்று பொருள். அந்தச் சின்னத்தை வரைந்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

டபிள்யூஎஸ்எல் என்பது மைக்ரோசாஃப்ட் தானே கொடுக்கும் லினக்ஸ். 2016இல் வந்தது, 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பிலிருந்து அசல் லினக்ஸ் கெர்னலே (உட்கரு) உள்ளே ஓடுகிறது. ஒரு கட்டளையில் உபுண்டு வந்து இறங்கிவிடும். நிரல் எழுதுபவருக்கு, குறிப்பாக அலுவலகக் கணினியில் விண்டோஸைத் தவிர வேறு எதுவும் கூடாது என்ற கட்டாயம் உள்ளவருக்கு, இதுவே போதும். கோப்புகளை மட்டும் லினக்ஸ் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், சி டிரைவில் வைத்து வேலை பார்த்தால் இழுக்கும். ஆனால் லினக்ஸ் மேசை எப்படி இருக்கும், அதில் வாழ முடியுமா என்று பார்க்க நினைப்பவருக்கு டபிள்யூஎஸ்எல் எந்தப் பதிலும் தராது. அதில் கிடைப்பது கட்டளை தட்டும் முனையமும் தனித்தனி ஜன்னல்களும்தான், மேசை இல்லை. அப்புறம் இன்னொன்று, இதை ஆன் செய்தால் வர்ச்சுவல்பாக்ஸில் அந்த ஆமை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸ் 10ஓடு மாட்டிக்கொண்டவருக்கு இந்த இரண்டு வழியுமே அடிப்படைச் சிக்கலைத் தீர்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே இருக்கும் வீட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லாதபோது உள்ளறைக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

தலைகீழாகவும் போடலாம்

இந்த வழியை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. லினக்ஸை டிஸ்கில் போட்டுவிட்டு, அதற்குள் மெய்நிகர் கணினியில் விண்டோஸை வைப்பது. மாதத்துக்கு இரண்டு முறை ஒரு கணக்குக் கோப்பைத் திறக்க வேண்டும், வருடத்தில் ஒரு தடவை ஏதோ ஒரு படிவ மென்பொருள் வேண்டும் என்பவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அந்த விண்டோஸுக்கு இணைய இணைப்பையே துண்டித்து வைக்கலாம், ஆதரவு முடிந்த இயங்குதளம் என்ற கவலை பெருமளவு குறைந்துவிடும். தினமும் நாள் முழுக்க டேலியில் இருப்பவருக்கு இது வேண்டாம், அலுத்துப்போகும். மெய்நிகர் விண்டோஸுக்கு உரிமம் தனியாக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதே யோசனையை டூயல் பூட்டிலும் கைக்கொள்ளலாம். விண்டோஸ் 10 டிஸ்கில் டேலியும் பேஜ்மேக்கரும் மட்டும், அங்கே நெட் கேபிள் கிடையாது. வங்கி, மின்னஞ்சல், உலாவல் அத்தனையும் லினக்ஸில். பழைய மேசைக்கணினியை வைத்திருக்கும் சின்னக் கடைக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். தனி எஸ்எஸ்டியில் மின்ட், பழைய டிஸ்கில் இருந்தபடியே விண்டோஸ். புது மடிக்கணினி, விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், கல்லூரிப் பாடத்துக்கு லினக்ஸ் என்றால், முதலில் மெய்நிகர் கணினி போதும். ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு டிஸ்கைப் பிரிக்கலாம். ரேம் 8 ஜிபியும் ஒரே டிஸ்க் இடமும் உள்ள மடிக்கணினிக்காரர், நகல் எடுத்துவிட்டு ஒரே டிஸ்க் டூயல் பூட்டுக்குப் போவதில் தப்பில்லை.

திரும்பி வருவதற்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். தனி டிஸ்க் என்றால் கேபிளை உருவினால் போதும், விண்டோஸ் பழையபடி எழும். வெளி எஸ்எஸ்டியும் அப்படியே. ஒரே டிஸ்கில் போட்டிருந்தால், முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முன்னால் கொண்டுவாருங்கள். விண்டோஸ் ஒழுங்காக எழுகிறது என்று பார்த்த பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை சி டிரைவோடு சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கணினி வெறும் கட்டளை வரியில் வந்து நிற்கும். இவ்வளவுக்குப் பிறகும் பூட் மெனுவில் உபுண்டு என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். மின்ட் போட்டிருந்தாலும் அந்தப் பெயர்தான். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிஞ்சிய சின்ன கோப்புறை ஒன்றின் வேலை அது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அப்படியே விட்டுவிடலாம்.